முப்பத்தாறாவது வானம்

வானத்துக்கு என்ன கலர் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ‘நீலம்’ என்று சொல்லக்கூடாது. சொன்னால், “எந்த வானத்துக்கு?” என்று திருப்பிக் கேட்பார்கள். என் மகள் ஒன்றாம் வகுப்பில் மிஸ்ஸிடமே இப்படித் திருப்பிக் கேட்டுவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அந்தத் திட்டு நியாயமாக எனக்கு வரவேண்டியது. இன்னும் நியாயம் பார்த்தால் என் சித்திக்குப் போகவேண்டியது. அது எப்படி என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த் தட்டில் ஒரு துணி இருக்கிறது. ஒரு ஆள் சுருண்டு படுத்தால் போர்த்திக்கொள்கிற அளவு. ஒரு சாண் சதுரமாக முப்பத்தாறு துண்டுகள், வரிசைக்கு ஆறு. ஒவ்வொரு துண்டிலும் பெயிண்ட்டால் தீட்டிய ஒரு வானம். நடுவில் மெல்லிசாகப் பஞ்சு, அடியில் அப்பாவின் வேட்டி, மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பொடிப்பொடித் தையல். இப்போது இந்த மாதிரி வேலைக்கு ஆர்ட் க்வில்ட் என்று பேர் வைத்து, கண்காட்சியில் சுவரில் மாட்டி, கிட்டே போய்த் தொடாதே என்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பேர் தெரியாது. நாங்கள் அதை வானம் என்றுதான் சொல்வோம். “வானத்தை மடிச்சு உள்ள வை”, “வானத்து மேல டீயைக் கொட்டாதே” என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சு.

அந்த முப்பத்தாறில் கடைசித் துண்டு மட்டும் ஏறக்குறைய வெள்ளை. அதைப் போட்டவன் நான்.

நான் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த மாதம் அம்மா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். விடியற்காலை விமானம். எழுப்பினால் அழுவேன் என்று என்னை எழுப்பவில்லை. நான் கண் விழித்தபோது அம்மாவின் தலையணையில் சித்தி படுத்திருந்தாள். அம்மாவுக்குத் தங்கை. என்னைப் பார்த்துக்கொள்வதற்காக செம்பாக்கத்திலிருந்து ஒரு பையோடு வந்திருந்தாள். பையில் பாதி துணி, பாதி பெயிண்ட் டப்பா. அப்பாவுக்கு ரயில்வேயில் ஷிப்ட் வேலை. அதனால் பெரும்பாலும் நானும் சித்தியும்தான்.

இரும்புலியூரில் மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர். தெருவே அவரை பாய் என்று கூப்பிடும். மெயின் ரோட்டில் மெத்தைக் கடை வைத்திருந்தார். அவர் தலையிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு பொட்டுப் பஞ்சு இல்லாமல் குளித்துத் தொழுகைக்குப் போவார். அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து எனக்கென்று ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சேமியா பாயசம் எடுத்து வைத்திருப்பார்கள். முந்திரி நிறைய இருக்கும். தெருவில் பாதிப் பேருக்குப் போன் அவர்கள் வீட்டில்தான். அம்மாவுக்கு அங்கே வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்று சாயங்காலம்தான் பேசுவாள். சித்தி முதலில் வாங்கித் திரும்பி நின்று மெதுவாகப் பேசுவாள். பிறகு என் முறை. “சாப்டியா கண்ணா? நல்லா படிக்கிறியா?” என்று குரல் வரும். நான் ம் என்பதற்குள் முடிந்துவிடும். எனக்கு ஒரு கண் கிண்ணத்தின் மேல் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சித்தி மத்தியானத்தில் அக்கம்பக்கத்து அக்காக்களுக்கு ஃபேப்ரிக் பெயிண்டிங் கிளாஸ் எடுப்பாள். தலையணை உறையில் ரோஜா, ரோஜாவுக்குப் பக்கத்தில் கிளி. எல்லோருக்கும் அதுதான் வேண்டும். “எந்த ஊர்க் கிளிடா ரோஜாவைப் பார்த்துட்டே உக்காந்திருக்கும்?” என்று அவர்கள் போனபிறகு என்னிடம் கேட்பாள்.

ஒரு நாள் நான் பிரஷ் கழுவுகிற டம்ளரைத் தட்டிவிட்டேன். அப்போதுதான் நீலம் பூசி வைத்திருந்த வெள்ளைத் துணியில் தண்ணீர் கொட்டிவிட்டது. அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே நின்றாள். நீலம் தண்ணீரோடு மெல்ல நகர்ந்து, ஓரத்தில் சுருண்டு, நடுவில் வெளுத்தது. மேகம் போல இருந்தது என்று சொல்லமாட்டேன். மேகமேதான்.

“அசையாதே” என்றாள். என்னையா, மேகத்தையா, யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. இருவரும் அசையவில்லை. பிறகு சமையலறைக்கு ஓடிக் கல்லுப்பு அள்ளிக்கொண்டு வந்து ஈரத்தின் மேல் தூவினாள்.

“எதுக்கு சித்தி?”

“ஊறுகாயில உப்பைப் போட்டா தண்ணியை இழுக்குதுல்ல. இங்க என்ன பண்ணுதுன்னு பாப்போம்.”

காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டோம். ஒவ்வொரு கல் இருந்த இடத்திலும் ஒரு பூ மாதிரி நீலம் விரிந்திருந்தது. அன்று சாயங்காலம் நான் வழக்கம்போல, அம்மா எப்போது வருவாள் என்று கேட்டேன். சித்தி அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இந்த மாதிரி முப்பத்தாறு வானம் பண்ணுவோம். முடிஞ்சா அம்மா வந்துடுவா. அவளுக்கே போத்தி விடுவோம்.”

அதற்குப் பிறகு எங்கள் பிழைப்பே மொட்டை மாடியில்தான். புதுத் துணியை முதலில் வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைப்பாள். “புதுசுல கஞ்சி இருக்கும்டா. கஞ்சி இருந்தா கலர் துணிக்குள்ள போகாது. விருந்தாளி மாதிரி மேலயே உக்காந்திருந்துட்டு எழுந்து போயிடும்” என்பாள். தீட்டிக் காய்ந்ததைத் திருப்பிப் போட்டு இஸ்திரி தேய்ப்பாள். அப்போதுதான் கலர் நிற்கும். நான் இதையெல்லாம் கேட்டேன். கேட்டதோடு சரி.

என் வேலை வானத்துக்குப் பேர் வைப்பது. மாடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பார்ப்போம். எல்லாம் ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது மாதிரி இருக்கும். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய குட்டி விமானம் ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். தூரத்தில் மின்சார ரயில் கூவும். “இது என்ன கலர்டா?” என்பாள். நான் சொல்வேன். ‘ஸ்கூல் விட்டாச்சு.’ ‘மழை வர்ற மாதிரி ஏமாத்துறது.’ ‘கரண்ட் போன சாயங்காலம்.’ ‘ஜுரம்.’ ‘ரசம்.’ ஒன்றுக்கும் அவள் சிரித்ததில்லை. ரசம் என்றால், “தெளிவா, கலங்கலா?” என்று கேட்டுக்கொண்டு பெயிண்ட்டைக் கலப்பாள். முடித்த துண்டின் பின்பக்கம் பென்சிலால் அந்தப் பேரை எழுதி வைப்பாள்.

ஒரு நாள் ஈரத் துணியின் மேல் முருங்கைக் கீரையை உதிர்த்துப் போட்டு உச்சி வெயிலில் வைத்தாள். பாய் துணி காயப்போட மாடிக்கு வந்தார்.

“இன்னாமா இது, கீரையைக் காய வெச்சிகினு கீறே?”

“வானம் பாய்.”

“வானமா. சரி. போத்திக்கவா, மாட்டிக்கவா?”

“ரெண்டுக்கும்தான்.”

“என் கடையில ரெண்டுங்கெட்டானா ஒண்ணு தெச்சா ஓனர் தொரத்திடுவான். ஓனரு நான்தான், இருந்தாலும் தொரத்திடுவேன்” என்றார்.

காய்ந்தபின் சித்தி இலைகளை ஊதித் தள்ளினாள். இலை இருந்த இடமெல்லாம் வெளுத்துப்போய், பட்டப்பகல் நீலத்தில் நூறு நட்சத்திரம். பாய் பிழிந்த சட்டையையே மறுபடி பிழிந்தார். “நம்ம வூட்டு முருங்கைதானே?” என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பள்ளிக்கூடம் முழு ஆண்டுத் தேர்வை நெருங்கியபோது இருபத்தெட்டு வானம் ஆகியிருந்தது. நான் தினமும் எண்ணுவேன். ஒரு சாயங்காலம் நான் கிண்ணத்தை வழித்துத் தின்றுகொண்டு படியேறி வந்தேன். எனக்கு முன்னால் வந்த சித்தி கத்தரிக்கோலை எடுத்து, தைத்து முடித்த வரிசையிலிருந்து நாலு துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு.

“ஏன் சித்தி?”

“கலர் சரியில்லடா.”

எனக்கு நன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் பெயிண்ட் விஷயத்தில் அவள்தானே பெரிய ஆள் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் வகுப்புக்குப் போனேன். மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்ந்து முப்பத்தைந்து ஆனது. இன்னும் ஒன்றுதான். அதே மாதிரி ஒரு சாயங்காலம், அதே கிண்ணம் கையில், நான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஐந்து துண்டுகள் தரையில் கிடந்தன. ‘கரண்ட் போன சாயங்காலம்’ கூட.

“கலர் ஒத்து வரலைடா” என்றாள். முகத்தைத் தூக்கவில்லை.

நான் கிண்ணத்தைத் தரையில் போட்டுக் கத்தினேன். “உனக்குக் கலரே தெரியலை. நீ கிளிதான் வரைவே. உனக்கு வானம் வராது.”

“ஆமாடா” என்றாள் சித்தி. “எனக்குக் கலர் தெரியலை.”

சிந்திய பாயசத்தைத் துடைத்துவிட்டு மறுநாளே மறுபடி தீட்ட உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் முப்பத்தைந்து வந்தது. இந்த முறை கடைசி மூலையை மட்டும் வெறுமனே விட்டு வைத்தாள். “அது அம்மா வர்ற அன்னிக்கு வானம். அன்னிக்கு மேல பாத்துட்டுத்தான் போடணும்” என்றாள்.

எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. முடிந்தால்தான் அம்மா வருவாள், அம்மா வந்தால்தான் முடிப்பேன் என்றால் எப்படி நடக்கும்? அதுவுமில்லாமல், கலர் தெரியாதவளிடம் விட்டால் இன்னொரு முறை பிரித்துப் போடுவாள். கொஞ்ச நாள் யோசித்தேன். பிறகு நானே முடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா டியூட்டிக்குப் போய்விட்டார். சித்தி நூல் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வெள்ளைத் துணிக்கு பீரோவைத் திறந்தேன். அப்பாவின் வேட்டி இருந்தது. எங்கள் வீட்டில் வேட்டிக்குச் சோற்றுக் கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்து வைப்பது வழக்கம். கஞ்சியில் வேட்டியை முக்கி எடுக்கிற வேலை வாராவாரம் என்னுடையதுதான். இவ்வளவு வெள்ளையாக, இவ்வளவு விறைப்பாக, காகிதம் மாதிரி ஒரு துணி கையில் இருக்கும்போது நான் எதற்கு வேறு தேடவேண்டும்? மடித்திருந்தபடியே ஓரத்தில் ஒரு சதுரம் வெட்டினேன். நான் வெட்டியது ஒன்று. கீழே விழுந்தது நாலு. மிச்சம் மூன்றையும் ஸ்கூல் பையில் ஒளித்துக்கொண்டேன்.

அம்மா வரும் நாளின் வானம் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லாக் கலரும் இருக்கவேண்டும். ஆரஞ்சைத் தாராளமாகக் கொட்டினேன். ஓரத்தில் நீலம். நடுவில் வெள்ளையாக ஒரு விமானம், அதன் ஜன்னலில் ஒரு தலை. கொஞ்சம் காய்ந்ததும் பெரிய பெரிய தையலாகப் போட்டு மூலையில் சேர்த்தேன். ஊசி இரண்டு முறை குத்தியது. நன்றாகக் காயட்டும் என்று முப்பத்தாறையும் தூக்கிக்கொண்டு மாடிக் கொடியில் கிளிப் போட்டேன். தலைகீழாக மாட்டியிருக்கிறேன். அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் தலையைச் சீவிக்கொண்டு கீழே போய் கேட்டில் நின்றேன்.

நாலு மணி இருக்கும். மழை பிடித்தது. அம்மா நனைந்துவிடுவாள் என்று ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்து விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடையிலிருந்து நனைந்தபடி வந்த பாய் என்னைப் பார்த்தார்.

“இன்னாடா தம்பி, கேட்டுக்குக் காவலா?”

“அம்மா வர்றாங்க.”

“யாரு சொன்னா?”

“முப்பத்தாறும் முடிஞ்சிடுச்சு பாய்.”

அவர் வீட்டுக்குள் போகவில்லை. “கொஞ்சம் தள்ளு” என்று குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு என்னோடு ரோட்டைப் பார்த்து நின்றார். அவர் தோளில் பஞ்சு நனைந்து ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொரு ஆட்டோவும் வரும்போது நான் ஒரு அடி முன்னால் போவேன். அவரும் குடையோடு ஒரு அடி வருவார். கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. இறங்கியது சித்தி.

“இங்க என்னடா பண்றே?”

பாய்தான் சொன்னார். “அவங்க அம்மா வருதாம்மா. முப்பத்தாறும் முடிச்சிட்டானாம்.”

சித்தி என்னைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியில் ஓடினாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

என் வானம் கழன்று இறங்கிக்கொண்டிருந்தது. விமானம் போய்விட்டது. ஜன்னலில் இருந்த தலை போய்விட்டது. ஆரஞ்சும் நீலமும் கீழே இருந்த ஐந்து வானங்களின் மேல் கோடு கோடாக வழிந்து, தரையில் குட்டையாகத் தேங்கி நின்றன. மற்ற முப்பத்தைந்தும் நனைந்தும் அப்படியே இருந்தன. பாய் என் துண்டை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“கஞ்சித் துணிம்மா. கொழகொழன்னு கீது பாரு. இதுல எப்படி நிக்கும்?”

எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது போல இருந்தது. “கலர் நிக்கலை. அதான் அம்மா வரலை” என்றேன். அதைச் சொன்னபிறகுதான் அழுகை வந்தது.

சித்தி அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சேலையெல்லாம் ஆரஞ்சு.

“உன் கலரால இல்லடா. உன் கலர் நல்ல கலர். என் கலர்தான் தப்பு.”

பாய் குடையை எங்கள் இருவர் மேலேயும் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அப்பா வேட்டியை எடுத்தார். விரித்தார். நாலு சதுர ஓட்டைகள் வழியாக எங்களைப் பார்த்தார். நான் சித்திக்குப் பின்னால் போனேன். “ஏம்மா,” என்றார் அப்பா சித்தியிடம், “அந்தத் துணிக்கு அடியில போட ஏதாவது வேணும்னியே. இது ஆகுமா பாரு.” பையில் ஒளித்த மூன்று துண்டுகளை நான் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்று ஓட்டைகளை அவற்றால் அடைத்தாள் சித்தி. நாலாவதற்கு அவளுடைய ஆரஞ்சு படிந்த சேலையில் ஒரு துண்டு. பாய் கடையிலிருந்து மெல்லிய பஞ்சு வந்தது. “போத்திக்கவும் மாட்டிக்கவும்” என்று சொல்லிக் கொடுத்தார். என் துண்டைச் சித்தி பிரிக்கவில்லை. என் பெரிய தையலுக்குப் பக்கத்தில் அவள் பொடித் தையலைப் போட்டாள். அதன் பிறகு அவள் எதையும் பிரிக்கவே இல்லை.

அம்மா அடுத்த சித்திரையில் வந்தாள். நான் தெருவில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தேன். கயிறு கட்டிய ஒரு பெட்டியோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய இளைத்த ஒருத்தியை முதலில் யாரோ என்று நினைத்தேன். பிறகு பேட்டோடு ஓடினேன். ஒரே சத்தம், ஒரே பேச்சு. பாய் வீட்டிலிருந்து கிண்ணம் இல்லை, குண்டானே வந்தது. இருட்டத் தொடங்கியபிறகுதான் சித்தி திடுக்கென்று கேட்டாள், “இன்னிக்கு வானம் எப்படி இருந்துச்சு?”

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே இருட்டிவிட்டிருந்தது.

“வெயிலா இருந்துச்சு” என்றார் அப்பா.

“மேகம் இருந்தா மாதிரி” என்றார் பாய்.

நாலு பேரில் ஒருவர்கூட அன்று தலையைத் தூக்கிப் பார்த்திருக்கவில்லை. அதனால் அந்த மூலைத் துண்டு அப்படியே நின்றுவிட்டது. கத்திரி வெயிலுக்கு முந்தின அந்தப் புழுக்கத்தில் அம்மா வானத்தைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்தாள். “இது ஏன் வெள்ளையா இருக்கு?” என்று கேட்டாள். “அது நீ வந்த அன்னிக்கு” என்றேன்.

அந்த ஆவணியிலேயே சித்திக்குக் கல்யாணம் ஆகி வண்டலூருக்குப் போனாள். இவ்வளவு நாள் வராத மாப்பிள்ளை அம்மா வந்ததும் எப்படி உடனே வந்தார் என்று நான் யோசிக்கவில்லை. என் சித்தியைக் கொண்டுபோகிறார் என்று அவர் மேல் கோபமாக இருந்தேன்.

போன வாரம் மகளின் காலில் மாட்டி வானத்தில் ஒரு தையல் விட்டுப்போயிற்று. தைக்க எடுத்தபோது, அதோடு மடித்து வைத்திருந்த ஒரு பழைய தலையணை உறையும் வந்தது. ரோஜா, கிளி. உள்ளே ஒன்பது துண்டுகள். சித்தி பிரித்துப் போட்ட ஒன்பது வானங்கள். கலரில் என்னதான் தப்பு என்று வெளிச்சத்தில் வைத்து நானும் மகளும் பார்த்தோம். ‘கரண்ட் போன சாயங்காலம்’ அப்படியே, இப்போதுதான் ஃபேன் நின்ற மாதிரி இருந்தது. ஒன்றிலும் ஒரு தப்பும் இல்லை.

“அப்புறம் ஏன்பா பிரிச்சாங்க?” என்றாள்.

அவளுக்குச் சொல்வதற்காக அந்த இரண்டு சாயங்காலங்களையும் நினைவில் கொண்டுவந்தேன். சித்தி தரையில். கத்தரிக்கோல். கதவருகில் நான். என் கையில் எவர்சில்வர் கிண்ணம், வாயில் முந்திரி. இரண்டு முறையும் கிண்ணம். அப்படியானால் இரண்டு நாளும் வெள்ளிக்கிழமை. அப்படியானால் இரண்டு முறையும், கீழே போன் பேசிவிட்டு அப்போதுதான் மேலே ஏறி வந்திருக்கிறாள். அம்மாவுக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை, இன்னும் தள்ளிப்போகிறது என்று கேட்டுவிட்டு. அதை என்னிடம் சொல்ல வாய் வராமல்.

முப்பத்தாறு என்று அவள் எப்படிக் கணக்குப் போட்டிருப்பாள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. மாதத்துக்கு மூன்று. ஒரு வருஷம்.

தெளிந்த ரசத்துக்கும் கலங்கிய ரசத்துக்கும் கலர் பிரித்துக் காட்டியவளை, முகத்துக்கு நேரே, உனக்குக் கலரே தெரியலை என்றேன். அவள் ஆமாடா என்றாள்.